மலாக்காவில் நூற்றுக்கு ஆறு

மலாக்கா நகரை விட்டு வடமேற்கே கடலோரச் சாலையில் சென்றால் முதலில் கிளேபாங் வருகிறது. அதைக் கடந்தால் தஞ்சோங் கிளிங். தஞ்சோங் என்பது மலாய் மொழியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனை. கிளிங் என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களை இந்நாட்டார் பல நூற்றாண்டுகளாக அழைத்த பெயர். பிற்காலத்தில் அச்சொல் வசையாகத் தாழ்ந்துவிட்டது; ஆயினும் ஊர்ப்பெயரில் நிற்கும்போது அது நம் வணிகரின் நினைவாகவே நிற்கிறது. அந்த வணிகர் இக்கரையில் செலுத்திய வரியைப் பற்றியும், அவர்கள் வழியில் பின்னர் வந்து சேர்ந்த மக்கள் 2018-ஆம் ஆண்டில் ஒரு வரியைப் பற்றி அளித்த தீர்ப்பைப் பற்றியும் இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

தோமே பீரெஸ் என்னும் போர்த்துகீசியர் 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் இருந்தவர். சுல்தான்களின் ஆட்சியில் இத்துறைமுகம் எவ்வாறு நடந்தது என்பதை விசாரித்து எழுதி வைத்தார். மேற்கிலிருந்து, அதாவது குஜராத், சோழமண்டலம், வங்காளம், பெகு முதலிய இடங்களிலிருந்து, வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 சுங்கம். குடும்பத்தோடு இங்கேயே குடியமர்ந்தவர்களுக்கு அதில் பாதி. கிழக்கே சீனத்திலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்தவர்களுக்குச் சுங்கம் இல்லை. அவர்கள் அதிகாரிகளுக்குக் காணிக்கை மட்டும் வைத்தார்கள். அக்காணிக்கை எவ்வளவு கனத்தது என்பது வேறு கதை. வணிகரைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுகத் தலைவர் நால்வர் இருந்தனர். கிளிங்கர்கள் அவர்களுள் ஒருவருடைய பொறுப்பில் இருந்தார்கள்.

இங்கே கவனிக்கத்தக்கது வரியின் அளவு அன்று. செலுத்துகிறவனுக்கு அது கண்ணெதிரே தெரிந்தது என்பதே. இத்தனை மூட்டைத் துணிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தான். பதிலுக்குக் காவலான துறைமுகமும், நேர்மையான அளவையும், வழக்குத் தீர்க்க ஒரு தலைவரும் கிடைக்கின்றனவா என்று கணக்குப் பார்த்தான். அவனுக்கு வாக்குரிமை கிடையாது. ஆனால் கப்பல் இருந்தது. 1511-இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபின் முஸ்லிம் வணிகர் பலர் தம் கப்பல்களை அச்சேவுக்கும் ஜோகூருக்கும் திருப்பிக்கொண்டு போனார்கள். அக்காலத்தில் அதுவே வாக்குச்சீட்டு.

கப்பல் இல்லாத உழவன் என்ன செய்வான்? இதற்கு விடை மலாக்காவுக்கு வடக்கே நானிங்கில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் நானிங் மக்கள் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லை அடையாளத் திறையாகச் செலுத்திவந்தார்கள். மலாக்கா ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு வந்தபின், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டனர். நானிங் பெங்ஹுலு டோல் சாயிட் மறுத்துவிட்டார். 1831-இல் அவரை அடக்கச் சென்ற படை சென்னையிலிருந்து வந்த சிப்பாய்ப் படை. தமிழரும் தெலுங்கரும் கலந்து சேவித்த பட்டாளம். நானிங் மக்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள். படை பீரங்கிகளையும் விட்டுவிட்டுத் திரும்பியது. மறு ஆண்டு பெரும்படை சென்றது. முன்னே நானிங்குக்குத் துணை நின்ற ரெம்பாவ் இம்முறை ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்துவிட்டது. 1832 ஜூனில் தாபோ வீழ்ந்தது. இரு படையெடுப்புக்கும் ஆன செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் என்பர். ஒரு சிறு நாட்டின் நெல்லில் பத்திலொரு பங்கு அதை எத்தனை தலைமுறையில் ஈடு செய்யும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். டோல் சாயிட் 1834-இல் சரணடைந்தார். கும்பினியார் அவரைத் தண்டிக்கவில்லை. உபகாரச் சம்பளம் கொடுத்து மலாக்காவில் வாழவிட்டார்கள். வரிக்கு எதிராக நின்றவனுக்கே வரிப்பணத்திலிருந்து சம்பளம்! சரித்திரத்தில் இப்படியும் உண்டு.

நிற்க. நானிங் யுத்தத்தால் ஆள்வோர் ஒரு பாடம் கற்றார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக நீரிணைக் குடியேற்றங்களில் மக்களிடம் நேராகக் கை நீட்டும் வரி அருமையாகவே காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த அரசாங்கத்தின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து வந்தது. சாராயமும் கள்ளும் தம் பங்கைக் கொடுத்தன. 1917-இல் யுத்தச் செலவுக்கென வருமான வரி விதித்தபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் அது மறைந்தது. நிலையான வருமான வரிச் சட்டம் 1947-இல்தான் பிறந்தது.

அவ்வரியும் தோட்டத் தொழிலாளியின் லயத்து வாசலை மிதிக்கவில்லை. மலாயாவில் வாணிபத்துக்கென ரப்பர் முதன்முதல் பயிரானது 1896-இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்னும் சீனப் பெருமகனாரின் நிலத்தில். அதைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களில் பால் வெட்ட வந்த நம்மவர் அரசாங்கத்துக்கு வரி செலுத்துகிறோம் என்று நினைத்ததே இல்லை. செலுத்தாமலும் இல்லை. சுருட்டிலும் கள்ளிலும் அது கலந்திருந்தது. 1972-இல் விற்பனை வரியும் 1975-இல் சேவை வரியும் வந்தபோதும் நிலைமை மாறவில்லை. விற்பனை வரி உற்பத்திசாலையிலும் துறைமுகத்திலும் வசூலாயிற்று. கடைக்கு வருமுன்னரே விலையோடு கரைந்துவிட்டது. சர்க்கரை பாலில் கரைவது போல் என்று சொல்லலாம்; கசப்பை அப்படிச் சொல்லலாகாது என்றால் உப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இப்பின்னணியில்தான் பொருள், சேவை வரி எனப்பட்ட ஜி.எஸ்.டி.யைக் காணவேண்டும். 2004-இலேயே அரசாங்கம் அதை அறிவித்தது; 2007-இல் தொடங்குவதாகச் சொல்லிப் பின்வாங்கியது. 2009 டிசம்பரில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து மீண்டும் ஒதுங்கியது. தேர்தலுக்கு முன் அதைத் தொட எவருக்கும் துணிவில்லை. 2013 மே மாதப் பொதுத்தேர்தல் முடிந்து ஆறு மாதங்கள் ஆகுமுன், அக்டோபர் 25-இல், பிரதமர் நஜிப் வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவித்தார்: 2015 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்கு 6. பீரெஸ் குறித்துவைத்த அதே 6! இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை. எண் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் மலாக்காவின் கதையை எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

அரசாங்கத்தின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. வருமான வரி செலுத்துவோர் சிலர். எண்ணெய் வருவாயை நம்ப முடியாது. உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி விதித்தால் ஏய்ப்பு குறையும். அரிசி, மாவு, சர்க்கரை, உப்பு, காய்கறி, மீன், கோழி, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு வரி பூச்சியம். வீட்டு மின்சாரத்தில் முதல் 300 யூனிட்டுக்கும் அப்படியே. ஏழைக் குடும்பங்களுக்கு ஒரே மலேசியா உதவித்தொகை. 2017-இல் மாத வருமானம் 3,000 வெள்ளிக்குக் கீழான குடும்பத்துக்கு ஆண்டில் 1,200 வெள்ளி. வரியுள்ள பொருளுக்கு ஒரு குடும்பம் மாதம் 1,000 வெள்ளி செலவிட்டால் அது செலுத்தும் ஜி.எஸ்.டி. மாதம் 60, ஆண்டுக்கு 720. கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் இது குடும்பத்துக்கு இலாபம்.

வாக்காளர் அந்தப் பேரேட்டைப் படிக்கவில்லை. அவர்கள் படித்தது ரசீதை. ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் கடைகள் பதிவு செய்துகொண்டு ரசீதில் வரியைத் தனியாகக் காட்டவேண்டும் என்பது சட்டம். ஆகவே இதுவரை விலைக்குள் ஒளிந்திருந்தது அடிவரியில் தனித்து வந்து நின்றது. இதில் கைப்பேசி டாப்-அப் கதை தனியே சொல்லத்தக்கது. முன்னே 10 வெள்ளிக்கு வாங்கினால் 10 வெள்ளி. அதற்கான சேவை வரியை நிறுவனங்களே ஏற்றுக்கொண்டிருந்தன. 2015 ஏப்ரலில் அதே டாப்-அப்புக்கு 10 வெள்ளி 60 காசு. அறுபது காசு பெருந்தொகை அன்று. ஆனால் வாரந்தோறும், சில இடங்களில் நாள்தோறும், கையில் எண்ணி வைத்த அறுபது காசு அது. கூக்குரல் எழுந்ததைக் கண்டு அரசாங்கம் மறு ஆண்டில் அத்தொகையைக் கைப்பேசிக் கணக்கில் திருப்பித் தந்தது. உதவித்தொகை ஆண்டில் மூன்று முறை வந்தது. வரி ஒரு நாளில் மூன்று முறை போயிற்று. மனிதர் மனம் எதை நினைவில் வைத்துக்கொள்ளும்?

சிறு கடைகளின் நிலை இன்னும் சிக்கலானது. தோட்டத்து ஓரத்திலும் கம்பத்திலும் இருந்த மளிகைக் கடைகள் பல பதிவு வரம்புக்குள் வராதவை, ஜி.எஸ்.டி. வசூலிக்க அவற்றுக்கு உரிமையில்லை. ஆனால் மொத்த வியாபாரியிடம் செலுத்திய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே அதை விலையில் ஏற்றினார்கள். ரசீதில்லாத இடத்தில் ஏறிய விலைக்கெல்லாம், வரியால் ஏறியதோ கடைக்காரர் ஆசையால் ஏறியதோ, ஜி.எஸ்.டி. என்ற ஒரே பெயர் வாய்த்தது.

உண்மையில் பல சுமைகள் ஒரே காலத்தில் சேர்ந்து வந்தன. 2014 டிசம்பரில் பெட்ரோல் மானியம் போயிற்று. 2014 நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3 வெள்ளி 20 காசாக இருந்த மாற்று விலை, 2015 செப்டம்பரில் 4 வெள்ளி 40 காசை எட்டியது. 2016 நவம்பரில் போத்தல் சமையல் எண்ணெய்க்கான மானியம் நீங்கியது. எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. கிடையாது, எனினும் எண்ணெய் விலை ஏறியதற்கும் மக்கள் அவ்வரியையே வைதார்கள். பொருளாதாரம் கற்றவர் இதைப் பாமரரின் பிழை என்பர். நான் அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். எதை எடுத்தார்கள், எதை நீக்கினார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டாலும், தம் பையிலிருந்து போனது எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரி தொடங்கி மூன்று மாதங்கள் ஆனவுடன், 2015 ஜூலை 2-இல், 1எம்.டி.பி. தொடர்பாகக் கிட்டத்தட்ட 70 கோடி டாலர் பிரதமரின் சொந்த வங்கிக் கணக்குகளுக்குச் சென்றதாக அமெரிக்க நாளேடு ஒன்று வெளியிட்டது. அவர் குற்றத்தை மறுத்தார். ஒருபுறம் அறுபது காசு, மறுபுறம் எழுபது கோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சிகள் சேர்ந்த பக்காத்தான் ஹராப்பான் என்னும் நம்பிக்கைக் கூட்டணி, 2018 ஜனவரியில் முன்னாள் பிரதமர் துன் மகாதீரைத் தன் பிரதமர் வேட்பாளராக அறிவித்தது. மார்ச்சில் வந்த தேர்தல் அறிக்கையில் ஆட்சியேற்ற நூறு நாளுக்குள் ஜி.எஸ்.டி.யை ஒழிப்போம் என்று வாக்களித்தது. நம் நாட்டில் பிரதமரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும் அத்தேர்தல் ஒரு மனிதரின் ஒரு வாக்குறுதி மேல் நடந்ததைப் போலவே நடந்தது. மே 9, புதன்கிழமை. தேசிய முன்னணி 222 இடங்களில் 79 மட்டும் பெற்று, சுதந்திரம் முதல் விடாமல் பிடித்திருந்த ஆட்சியை இழந்தது.

மலாக்காவில் நாடாளுமன்ற இடங்கள் ஆறில் நான்கு நம்பிக்கைக் கூட்டணிக்குப் போயின. சட்டமன்றத்தின் 28 இடங்களில் 15 பெற்று மாநில ஆட்சியையும் அது முதன்முறையாகப் பிடித்தது. இந்திய வாக்காளர் கணிசமாக உள்ள காடேக் தொகுதியை ம.இ.கா. ஜனநாயகச் செயல் கட்சியிடம் இழந்தது. தங்கா பத்துவின் முடிவு சிந்தனைக்குரியது. கிளேபாங்கை உள்ளடக்கிய தங்கா பத்து நாடாளுமன்றத் தொகுதி எதிரணியின் கைக்கு மாறியது. அத்தொகுதிக்குள் அடங்கிய சட்டமன்ற இடங்களில் சிலவோ தேசிய முன்னணியிடமே நின்றன. ஜி.எஸ்.டி. நாடாளுமன்றத்தின் காரியம், வடிகாலும் தெருவிளக்கும் மாநிலத்தின் காரியம். எத்தனை பேர் ஒரே சாவடியில் இரு சீட்டை இரு பெட்டிக்குமாகப் பிரித்துப் போட்டார்கள் என்பதை இரகசிய வாக்கு சொல்லாது. ஆனால் வரி ஒன்றே எல்லாவற்றையும் அடித்துச் சென்றது என்று சொல்வோர் தங்கா பத்துவை ஒருமுறை பார்க்கவேண்டும்.

வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. ஜூன் 1 முதல் வரி பூச்சியமாயிற்று. செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பின. உலகில் இது அபூர்வம். கனடாவில் 1991-இல் ஜி.எஸ்.டி. கொண்டுவந்த கட்சி 1993 தேர்தலில் இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. அதை நீக்குவோம் என்று வந்த கட்சியோ ஆட்சிக்கு வந்தபின் வரியை வைத்துக்கொண்டது. மலேசியா சொன்னதைச் செய்தது. பணவீக்கம் மே மாதம் 1.8 விழுக்காடாக இருந்தது ஜூனில் 0.8-க்கு இறங்கியது. ஆனால் இறங்கியது விலையேறும் வேகம். ஏறிய விலைகள் பல ஏறிய இடத்திலேயே நின்றன. இடையிலிருந்த மூன்று மாதங்களில் மக்கள் பெரிய சாமான்களை வாங்கினார்கள். கடைக்குக் கடை கூட்டம்.

கருவூலத்தின் நிலை வேறு. 2017-இல் ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 4,400 கோடி வெள்ளி ஈட்டியிருந்தது. பழைய வரிகள் அதற்கு ஈடாகவில்லை. வணிகர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய ஜி.எஸ்.டி. பாக்கியே 1,940 கோடி வெள்ளி என்று புதிய நிதியமைச்சர் 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்னார். இப்பாக்கிகளைத் தீர்க்க 2019-இல் பெட்ரோனாஸிடமிருந்து 3,000 கோடி வெள்ளி சிறப்பு இலாபப்பங்காகப் பெறப்பட்டது. ரசீதிலிருந்து மறைந்தது எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது எனலாம்.

வரியைக் குறைப்பேன் என்னும் வாக்குறுதி மறு ஆண்டே நம் மொழியினர் வாழும் இலங்கையில் ஒலித்தது. அங்கே ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்கிறார்கள். கோத்தபாய ராஜபக்ஷ மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 விழுக்காடாக்குவேன் என்றார். 2019 நவம்பர் 16-இல் வென்றார். டிசம்பர் 1 முதல் அப்படியே செய்தார். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராக, சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தார்கள். தேயிலைத் தோட்டத் தமிழர் மிகுந்த நுவரெலியாவும் சஜித்தையே தேர்ந்தது. யுத்தத்தின் நினைவு இருந்த இடத்தில் ஏழு விழுக்காட்டுக் குறைப்பு எடைத்தட்டில் ஏறவே இல்லை. பின் நடந்ததை வாசகர் அறிவர். வருவாய் சரிந்தது; அதன்மேல் கொள்ளைநோயும் வந்தது; 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. எதிர்த்து வாக்களித்த யாழ்ப்பாணத்தானும் ஆதரித்து வாக்களித்த அம்பாந்தோட்டையானும் அந்த 18-ஐ ஒரே அளவில்தான் செலுத்தினார்கள்.

மலேசியா அந்தப் பள்ளத்தில் விழவில்லை. அதற்கு எண்ணெய் இருந்தது, எடுத்த வரிக்குப் பதிலாக வேறொன்றை வைக்கும் நிதானமும் இருந்தது. ஆனால் வாக்காளரின் நன்றி நெடுநாள் நிற்கவில்லை. உறுப்பினர்கள் அணி மாறியதால் மலாக்காவின் புதிய ஆட்சி 2020 மார்ச்சில் கவிழ்ந்தது. 2021 நவம்பர் 20-இல் நடந்த மாநிலத் தேர்தலில் தேசிய முன்னணி 28-இல் 21 இடங்களைப் பெற்றது. காடேக் மீண்டும் ம.இ.கா.வுக்கு வந்தது. ஒழிந்துபோன வரியைப் பற்றி அத்தேர்தலில் பேச ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாதது வாக்குக்கும் தெரியாது போலும்.

சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது. 2025 ஜூலையில் அதுவும் விற்பனை வரியும் மேலும் பல சேவைகளுக்கும் பொருள்களுக்கும் விரிந்தன. உணவுக் கடைகளை அந்த 8-லிருந்து விட்டுவைத்தார்கள். ஆண்டில் 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் நடக்கும் உணவகங்களில், கிளேபாங் கடற்கரைப் பக்கமாயினும் மலாக்கா நகர நடுவிலாயினும், சாப்பிட்டு எழுந்து ரசீதை வாங்கிப் பார்த்தால் அடிவரியில் நிற்பது நூற்றுக்கு 6.